ஆழியாறு முதல் அதிரப்பள்ளி வரை: வால்பாறை மலைப்பாதையில் கேமராவோடு மூன்று நாள்

ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் கார் நின்றதும் பெரும்பாலானவர்கள் செய்கிற முதல் காரியம், கதவைத் திறந்துகொண்டு ஓடுவதுதான். முதல் முறை போனபோது நானும் ஓடினேன். கையில் 500 மி.மீ. லென்ஸ். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த வரையாடு பதறவில்லை. இரண்டடி நகர்ந்து, அசைபோட்டுக்கொண்டே என்னைப் பார்த்தது. அவ்வளவு பக்கத்தில் இருந்த விலங்கை என் லென்ஸால் குவியத்துக்குள் கொண்டுவரவே முடியவில்லை. வண்டிக்குத் திரும்பிச் சின்ன லென்ஸை மாட்டிக்கொண்டு வருவதற்குள் ஒரு சுற்றுலா வேன் வந்து நின்றது, பிஸ்கட் பாக்கெட் சரசரத்தது, ஆடு பாறையில் இறங்கி மறைந்துவிட்டது. ஒரு படம்கூட இல்லை.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 64 கிலோமீட்டர். பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். படம் எடுக்கப் போகிறவர் இந்தத் தூரத்துக்கும், அதைத் தாண்டிக் கேரளத்துக்குள் இறங்கும் காட்டுச் சாலைக்கும் சேர்த்து மூன்று நாள் ஒதுக்க வேண்டும் என்பது என் கணக்கு. பத்து இடங்களில் இறங்கி ஏறுகிறவருக்குக் கிடைக்காதது, நான்கு இடங்களில் வண்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைக்கும். இந்த வழிகாட்டியே அந்த நான்கைந்து இடங்களைப் பற்றியதுதான்.

எந்த மாதம் போவது

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வால்பாறைக்கு அருகிலுள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்று. அந்த மாதங்களில் அருவிகள் பெருகும், மூடுபனி அழகாக இருக்கும், அட்டைகள் சாக்ஸுக்குள் புகும், கேமராவுக்குள் ஈரம் இறங்கும். நிலக்காட்சி மட்டுமே எடுப்பவர், மழையுறை நன்றாக இருந்தால், துணிந்து போகலாம். விலங்கு வேண்டுபவருக்கு அது காலமில்லை.

மழை ஓய்ந்து வெயில் எட்டிப்பார்க்கும் செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் பச்சைக்கு உகந்தவை. டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வானம் தெளிந்திருக்கும். காலையில் பள்ளத்தாக்கில் பனி தேங்கி நிற்கும், யானைக் கூட்டங்களும் தேயிலைத் தோட்டங்களுக்குள் அதிகம் நடமாடும். வரையாடுகள் குட்டி ஈனுவதும் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில்தான். பெரிய அலகுள்ள காட்டுப் பறவைகளான இருவாச்சிகள் கூடு கட்டுவதும் ஏறக்குறைய இதே பருவத்தில். ஆக, ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் பிப்ரவரியைத் தேர்ந்தெடுங்கள், அதிலும் வார நாட்களை. ஏப்ரல், மே மாதங்களில் சமவெளியின் புழுதி மங்கல் மலையடிவாரம் வரை ஏறிவிடும். ஒன்பதாவது வளைவான லோம்ஸ் வியூவில் நின்றால் ஆழியாறு அணை சாம்பல் பூசிய தட்டு மாதிரி தெரியும். பள்ளி விடுமுறைக் கூட்டம் வேறு.

அனுமதி, வண்டி, நேரம்

உதகைக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்தில் வந்த இ-பாஸ் முறை, 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் வந்துவிட்டது. வீட்டிலிருந்தே பதிந்துகொண்டு போனால் ஆழியாறு சோதனைச்சாவடியில் காலை நேரம் வீணாகாது. மலைப்பாதையில் விடியலுக்குப் பிந்தைய முதல் ஒரு மணி நேரம்தான் தங்கம். அதை வரிசையில் நின்று தொலைக்கக் கூடாது. சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில்களையும் பைகளையும் தேடி எடுப்பார்கள். எவர்சில்வர் பாட்டிலும் துணிப்பையும் கொண்டுபோங்கள். மாலைக்குப் பின் சுற்றுலா வண்டிகளைத் திருப்பி அனுப்புவதும் உண்டு. நேரக் கட்டுப்பாடு அவ்வப்போது மாறும் என்பதால், முந்தின நாள் பொள்ளாச்சியில் விசாரித்துக்கொள்வது நல்லது.

ஆனைமலைப் புலிகள் காப்பகம் சூழ்ந்த சாலை இது. ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் கருவியும் போகும், வழக்கும் வரும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் (1972) கேமரா பையில் இருப்பவருக்குச் சலுகை எதுவும் தருவதில்லை. சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்குவதும் குற்றம்தான். தேயிலைத் தோட்டங்களின் உள் சாலைகளில் பல தனியாருக்குச் சொந்தமானவை. கேட்டில் இருப்பவரிடம் கேட்காமல் உள்ளே போகாதீர்கள். கேட்டால் பாதி நேரம் விட்டுவிடுவார்கள்.

சின்னக் கார் போதும். உண்மையில் சின்னக் கார்தான் நல்லது: வளைவுகளில் அரசு பஸ் திரும்பச் சாலையின் முழு அகலமும் வேண்டும், ஒதுங்குவதற்கு உங்களுக்கு மிஞ்சுவது இரண்டடி மண். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். ஓட்டுபவரும் படம் எடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பது என் கண்டிப்பான விதி. வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு வியூஃபைண்டரில் கண் வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்னால் வந்த லாரி ஓட்டுநர் திட்டிய திட்டு இன்னும் என் காதில் இருக்கிறது. திட்டு வாங்கியது நான்தான்.

பெட்ரோலைப் பொள்ளாச்சியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கைப்பேசி சிக்னலை நம்பி வழி தேடாதீர்கள். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.

பையில் என்ன

நீளமான லென்ஸைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். 100-400 போன்ற ஒரு ஜூம் போதும். சாலையோர விலங்குகள் வருகிற தூரம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும், அதனால் நிலையான 600ஐவிட ஜூம்தான் இங்கே கைகொடுக்கும். அதைவிட முக்கியம், இரண்டாவது கேமரா உடலில் 24-70ஐ மாட்டி மடியிலேயே வைத்திருப்பது. வரையாட்டிடம் நான் தோற்றது இந்த ஒன்று இல்லாததால்தான்.

முக்காலி நிலக்காட்சிக்கு மட்டும். காருக்குள் முக்காலியை விரிக்க முடியாது. ஒரு பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, இரண்டு பக்கமும் தைத்து, உள்ளே அவரைக்கொட்டையோ அரிசியோ நிரப்பினால் அதுவே பீன் பேக். இறக்கிவிட்ட ஜன்னல் கண்ணாடியின் விளிம்பில் வைத்து, அதன்மேல் லென்ஸைக் கிடத்தி, இன்ஜினை அணைத்துவிடுங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் அந்த அதிர்வு 400 மி.மீ.யில் அப்படியே படத்தில் வந்துவிடும்.

போலரைசர் ஃபில்டரைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். நீல வானத்துக்காக இல்லை, தேயிலைக்காக. மழை நனைத்த தேயிலை இலை ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கண்ணாடி. வானத்தின் வெள்ளையை அப்படியே திருப்பி அனுப்பும். படத்தில் தோட்டம் பச்சையாக இல்லாமல் வெளிறித் தெரிவது அதனால்தான். ஃபில்டரை மெல்லச் சுழற்றினால் அந்த வெள்ளைப் பூச்சு உரிந்து அடிப்பச்சை வெளியே வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி, கூடினால் இரட்டிப்பு), அதற்கு முக்காலி இருக்கிறது. விலங்கு படத்துக்குத் திரும்பும்போது மறக்காமல் கழற்றிவிடுங்கள்.

இவற்றோடு சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், துவைத்த பழைய பருத்தித் துணி இரண்டு, உப்பு ஒரு பொட்டலம். உப்பு அட்டைக்கு.

முதல் நாள்: நாற்பது வளைவுகள்

ஆழியாறு அடிவாரத்தில் தொடங்கி மேலே போகப்போக எண் ஏறும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பலகை இருக்கும். மொத்தம் நாற்பது. ஆழியாறு அணையில் விடியலில் ஒரு பத்து நிமிடம் நின்று, மலைச்சுவரின் நிழல் தண்ணீரில் விழுவதை எடுத்துக்கொள்ளலாம். குரங்கு அருவியில் நிற்க வேண்டாம். அங்கே இருப்பது பொரிக்குப் பழகிய நாட்டுக் குரங்குகளும் குளிக்க வந்த கூட்டமும்தான்.

நேராக ஒன்பதாவது வளைவு. இந்தப் பாதையை அமைத்த பொறியாளர் லோமின் பெயரால் லோம்ஸ் வியூ என்று வழங்கும் இடம். வடக்கே ஆழியாறு நீர்த்தேக்கமும் அதற்கு அப்பால் பொள்ளாச்சியின் தென்னந்தோப்புகளும் விரிந்து கிடக்கும். காலையிலும் மாலையிலும் வெளிச்சம் பக்கவாட்டில் விழுவதால் கீழே தெரியும் வளைவுகளின் மடிப்புகள் எடுப்பாக நிற்கும். பத்து மணிக்குமேல் எல்லாம் தட்டையாகிவிடும். அகன்ற லென்ஸில் எடுத்தால் வளைவுகள் நூல் மாதிரி சிறுத்துப்போகும். 70-200இல் எடுத்து, நாலைந்து வளைவுகளை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். ஒரு அரசு பஸ் அந்தச் சட்டகத்துக்குள் ஏறி வரும்வரை காத்திருங்கள். சாலையின் அளவை அந்த பஸ்தான் சொல்லும்.

வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. வரை என்றால் மலை. சங்கப் பாடல்களில் வருகிற வருடை இதுதான் என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. 2024இல் தமிழ்நாடு முழுவதும் எடுத்த கணக்கில் 1,031. இவ்வளவு அரிதான ஒன்று, இங்கே பஸ் போகிற சாலையின் கைப்பிடிச் சுவரில் ஏறி நிற்கிறது. நெருங்கி எடுப்பது எளிது என்பதால்தான் இங்கே எடுக்கப்படும் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன: முகம், கொம்பு, மங்கலான பச்சைப் பின்னணி. அதற்கு உயிரியல் பூங்காவே போதுமே.

நான் இப்போது செய்வது இது. வண்டியை வளைவைத் தாண்டி, நிறுத்த இடமுள்ள பகுதியில் விட்டுவிட்டு, இன்ஜினை அணைத்து, கால் மணி நேரம் இறங்காமல் இருப்பேன். பிறகு மெல்ல இறங்கி, சுவரின் இந்தப் பக்கமே, தரையில் உட்கார்ந்துவிடுவேன். 24 அல்லது 35 மி.மீ. லென்ஸ், அதன் துவாரம் எஃப் 8. கேமரா ஆட்டின் கண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே. அப்போது ஆடு வானத்தில் நிற்கும், அதன் குளம்புக்கு அடியில் மொத்தச் சமவெளியும் கிடக்கும். வளர்ந்த கிடாவாக இருந்தால் முதுகில் வெளிறிய சேணம் போட்டது போன்ற திட்டு தெரியும். பக்கவாட்டு வெளிச்சத்தில் அதுதான் படத்தின் மையம். குட்டியோடு நிற்கும் பெட்டை ஆட்டை நெருங்காதீர்கள். அது சுவரிலிருந்து சாலைப் பக்கம் குதித்தால் பின்னால் வருவது லாரி.

அங்கிருந்து அட்டகட்டி வரை காய்ந்த காடு, மெல்ல மெல்ல ஈரமாகும். அட்டகட்டி டீக்கடையில் ஒரு டீ. அதற்கு மேலே வாட்டர்பால்ஸ் எஸ்டேட், கவர்க்கல். கவர்க்கல்லில் மூடுபனி இல்லாத நாளை நான் எண்ணி வைத்திருக்கிறேன். பனிக்குள் புகுந்ததும் சட்டகத்தில் வெள்ளை கூடுவதால் கேமரா ஏமாந்து எல்லாவற்றையும் சாம்பலாக்கும். ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள். நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்கள் இங்கே உங்கள் நண்பர்கள். பனியில் முதல் வரிசை கருப்பு, இரண்டாவது சாம்பல், மூன்றாவது வெறும் நினைப்பு. நீள லென்ஸில் இந்த மூன்று அடுக்கை மட்டும் வெட்டி எடுத்தால் போதும். முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, நான்கு சக்கரமும் சாலையை விட்டு வெளியே இருக்கும் இடத்தில் மட்டுமே நிறுத்துங்கள்.

புதுத்தோட்டத்துச் சோலைமந்தி

அய்யர்பாடி, ரொட்டிக்கடை தாண்டி வால்பாறைக்குச் சில கிலோமீட்டர் முன்பு புதுத்தோட்டம். தேயிலைக்கு நடுவே மிஞ்சிய ஒரு துண்டு மழைக்காடு. அதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட சோலைமந்திகள். சிங்கவால் குரங்கு என்பதும் இதையே. முகத்தைச் சுற்றி வெள்ளி நிறப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். இதே சாலையில் கருமந்தியும் இருக்கிறது. அதற்குப் பிடரியும் கிடையாது, குஞ்சமும் கிடையாது, வால் மிக நீளம். கருமந்தியை எடுத்துவிட்டுச் சோலைமந்தி என்று பெயர் போட்ட படங்களுக்குப் பஞ்சமே இல்லை.

சோலைமந்தி இயல்பில் மரத்தை விட்டு இறங்காத பிராணி. காடு துண்டு துண்டானதால் சாலையில் இறங்கிக் கடக்கிறது, அடிபடுகிறது. அதனால்தான் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள், காவலர்களும் நிற்கிறார்கள். வேகத்தைக் குறைக்கச் சொல்லி அவர்கள் கை காட்டும்போது, நின்று ஒரு வார்த்தை பேசுங்கள். கூட்டம் இப்போது எந்தப் பக்கம் இருக்கிறது, எத்தனை மணிக்குத் திரும்பும் என்பது கூகுள் மேப்புக்குத் தெரியாது, அந்த அண்ணன்களுக்குத் தெரியும்.

வெளிச்சம் இங்கே இரட்டை வேடம் போடும். கருப்பு உடல் சட்டகத்தை நிறைத்தால் கேமரா இருட்டென்று நினைத்துக் கூட்டிவிடும். வெள்ளிப் பிடரி வெந்து போகும். முக்கால் ஸ்டாப் குறையுங்கள். அதே மந்தி ஒரு நிமிடத்தில் வெளிறிய வானத்துக்கு எதிரே கிளையில் போய் உட்காரும். அப்போது ஒன்றரை ஸ்டாப் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் கரிக்கட்டைதான். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்தில் கட்டைவிரலை வைத்தபடியே இருங்கள். ஷட்டர் வேகம் 1/500க்குக் கீழே வேண்டாம், கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 3200, 6400 என்று போனாலும் பயப்படாதீர்கள். அதனால் படத்தில் வரும் குருணையைப் பிறகு சரிசெய்யலாம், அசைவைச் சரிசெய்ய முடியாது.

குப்பைத்தொட்டியைக் கிளறும் மந்தியை எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எடுங்கள். அது அந்த ஊரின் உண்மை. ஆனால் உங்கள் கையிலிருக்கும் வாழைப்பழத்துக்காக அது எட்டிப்பார்க்கும் முகத்தை எடுத்துவந்து, காட்டுக்குள் கண்டேன் என்று எழுதாதீர்கள். உணவு கொடுப்பதும் குற்றம்தான்.

இரண்டாம் நாள்: நல்லமுடியும் இருவாச்சியும்

சுமார் 3,500 அடி உயரத்தில் இருக்கும் வால்பாறையில் தங்கி, விடியுமுன் கிளம்பி நல்லமுடி பூஞ்சோலைக்குப் போங்கள். இருட்டில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடக்காதீர்கள். வண்டியிலேயே போய், வெளிச்சம் வந்தபிறகு இறங்குங்கள். அங்கே நிலம் திடீரென்று முடிந்துவிடும். தேயிலை விளிம்புக்கு அப்பால் பெரும்பள்ளம், அதற்கும் அப்பால் கேரளத்துக் காடு, தெளிவான நாளில் 2,695 மீட்டர் உயர ஆனைமுடியின் பக்கமாக அடுக்கடுக்கான மலைகள். பலரும் அகன்ற லென்ஸில் ஒரு படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பள்ளத்தின் புல்வெளித் திட்டுகளை நீள லென்ஸால் ஒவ்வொன்றாகத் துழாவுங்கள். சாம்பல் பாறை என்று நினைத்தது காதை அசைத்தால் யானை. அத்தனை பெரிய மலைக்கு நடுவே அத்தனை சின்ன யானை: விலங்குப் படமும் நிலக்காட்சியும் ஒன்றாகிற இடம் இது. விலங்கு சட்டகத்தில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது, இருக்கவும் வேண்டாம்.

கொழுந்து பறிக்கும் பெண்கள் எட்டு மணி வாக்கில் சரிவுகளில் இறங்குவார்கள். கேட்டுவிட்டு எடுங்கள். "அக்கா, ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்றால் பெரும்பாலும் சிரிப்புதான் பதில். கொழுந்தின் எடைதான் அவர்கள் கணக்கு. நின்று பார், இப்படித் திரும்பு என்று அவர்கள் நேரத்தைத் தின்னாதீர்கள்.

இருவாச்சிக்கு நான் வைத்திருக்கும் வழி, பறவையைத் தேடாமல் மரத்தைத் தேடுவது. பழுத்த அத்தி மரம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் உட்கார்ந்துவிடலாம். பெரிய இருவாச்சி வருவதைக் கண்ணுக்கு முன் காது சொல்லும். நீராவி இன்ஜின் மூச்சு வாங்குவது போல இறக்கை ஓசை. அந்தச் சத்தம் கேட்ட பிறகு கேமராவைத் தூக்கினால் தாமதம். 1/2000, வானம் பின்னணி என்பதால் ஒரு ஸ்டாப் கூடுதல், தொடர் குவியம் எல்லாம் முன்னமே போட்டு வைத்திருக்க வேண்டும். என் முதல் இருவாச்சி, மூடுபனிக்குப் போட்ட 1/60இலேயே பறந்து போனது. ஒரு மஞ்சள் கோடு மிச்சம்.

கூட்டை மட்டும் நெருங்காதீர்கள். பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு முட்டையிடும். மெல்லிய பிளவு வழியே ஆண் ஊட்டும். ஆண் பயந்து ஒதுங்கினால் உள்ளே இருப்பவர்களுக்குச் சாப்பாடு இல்லை. எஸ்டேட் வழியோரத்தில் இப்படி ஒரு மரத்தை எனக்கு ஒருவர் காட்டினார். வண்டியிலிருந்து, எதிர் சரிவில், தொலைவிலிருந்து நாற்பது நிமிடம் பார்த்தேன். ஆண் வந்து, தொண்டையிலிருந்து பழத்தை ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து, எண்ணிக் கொடுப்பது போல் கொடுத்தது. படம் சுமார்தான்.

மாலையில் சோலையாறு அணைப் பக்கம். கோடையில் நீர் வற்றி வெளிப்படும் கரையில் காட்டுமாடுகளும் யானைகளும் மேய வரும்.

யானை குறுக்கே வந்தால்

இந்தப் பகுதியில் யானை எங்கே நிற்கிறது என்பதை ஊருக்கே சொல்லும் ஏற்பாடு உண்டு. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற வன உயிரின ஆய்வு அமைப்பு வனத்துறையோடு சேர்ந்து அமைத்தது: யானை அருகில் இருந்தால் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போகும், உயரமான இடங்களில் சிவப்பு விளக்கு எரியும். இந்த வேலைக்காக அந்த அமைப்பின் ஆய்வாளர் ஆனந்தகுமாருக்கு 2015இல், வன உயிரினப் பாதுகாப்புக்கான சர்வதேச விட்லி விருது கிடைத்தது. விளக்கு எரிவதைக் கண்டால் அந்தப் பக்கம் படம் எடுக்க ஓடாதீர்கள். வேலை முடிந்து வீடு திரும்பும் தோட்டத் தொழிலாளிக்காக எரிகிற விளக்கு அது.

2025 பிப்ரவரியில் ஜெர்மனியிலிருந்து வந்த முதியவர் ஒருவர், இதே பொள்ளாச்சி சாலையில், நின்றிருந்த யானையைத் தாண்டிப் பைக்கில் போக முயன்று உயிரிழந்தார். மற்ற வண்டிகள் நின்றிருந்தன. யானை சாலையில் இருந்தால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி நில்லுங்கள், பின்னால் போக வழி வைத்துக்கொள்ளுங்கள், ஹாரனும் ஃபிளாஷும் கூடாது, இறங்கவே கூடாது. காது விசிறுவது நின்று, தலை உயர்ந்து, உங்களை நேராகப் பார்த்தால் படம் முடிந்தது. ரிவர்ஸ் கியர் போடுங்கள். சிறுத்தை விஷயத்தில் பயம் வேறு வகை. தோட்டக் குடியிருப்புகளில் குழந்தைகளைப் பறிகொடுத்த ஊர் இது. இருட்டிய பிறகு டார்ச் அடித்துச் சிறுத்தை தேடலாம் என்று யாராவது ஜீப்போடு வந்து கூப்பிட்டால், போகாதீர்கள்.

மூன்றாம் நாள்: மளுக்கப்பாறை வழியாக இறக்கம்

வால்பாறையிலிருந்து சோலையாறு அணை வழியாக மளுக்கப்பாறை எல்லை. அதற்கப்பால் வாழச்சால் வரை அடர்ந்த மழைக்காட்டுச் சாலை. மொத்தத்தில் வால்பாறையிலிருந்து சாலக்குடிக்கு நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். சோதனைச்சாவடியில் வண்டி எண்ணைப் பதிந்து, நேரம் குறித்த சீட்டு கொடுப்பார்கள். மறுமுனையில் அந்த நேரத்தைப் பார்ப்பார்கள். வழியில் இறங்கக் கூடாது. இரு சக்கர வண்டிகளுக்கு அவ்வப்போது தடை விதிப்பதுண்டு. காலையிலேயே எல்லையைக் கடந்துவிடுங்கள். பிற்பகலில் நுழைவை நிறுத்திவிடுவார்கள்.

இறங்க முடியாத சாலையில் என்ன எடுப்பது? ஜன்னல் வழியாகக் காட்டையே எடுங்கள். மரங்கள் இரண்டு பக்கமும் கூடி, சாலை ஒரு குகை போலப் போகும். வண்டி போகிற போக்கில் 1/15 வைத்து எடுத்தால் பச்சை உருகி ஓடும், தூரத்தில் சாலை மறையும் இடம் மட்டும் கூர்மையாக நிற்கும். முன்னிருக்கையில் இருப்பவர் கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்துவிட்டு முயன்று பார்க்கலாம். 2022 நவம்பரில் காட்டு யானை ஒன்று வழிமறித்ததால் ஒரு பயணிகள் பஸ்ஸை எட்டு கிலோமீட்டர் பின்னோக்கியே ஓட்டி வந்தது இந்தச் சாலையில்தான். அந்த ஓட்டுநரின் கழுத்து வலியை நினைத்துக்கொண்டே நான் ஒவ்வொரு முறையும் இந்த வழியில் இறங்குகிறேன்.

வாழச்சால் காடுகளில் நான்கு வகை இருவாச்சிகள் இருக்கின்றன. கூடுகளைக் காப்பதில் அங்குள்ள காடர் பழங்குடியினர் வனத்துறையோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். கருப்பு வெள்ளை மலபார் இருவாச்சியை ஆற்றோரத்தில் தேடுங்கள்.

அதிரப்பள்ளி அருவி சுமார் எண்பது அடி. ஆறு மேற்கே ஓடுவதால் அருவியின் முகத்தில் பிற்பகலில்தான் வெயில் விழும். அந்தக் கடும் வெயிலில் வெள்ளை நீர் விவரமே இல்லாமல் வெளுத்துவிடும் என்பதால் மேகமூட்டத்துக்குக் காத்திருப்பது நல்லது. அடியில் நின்று எடுத்தால் சாரல் அரை நிமிடத்தில் லென்ஸை மூடும். ஒரு கையில் துணி, ஒரு கையில் ஷட்டர். துடை, எடு, துடை. நீரோட்டத்தைப் பட்டுத்துணி போல் இழுக்க எல்லோருக்கும் ஆசை. என் ருசிக்கு 1/4 நொடி போதும். அதற்கு மேல் போனால் தண்ணீரின் பலம் போய்விடுகிறது.

அறைக்குத் திரும்பியதும்

மூன்று நாளும் இரவில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. குளிர்ந்த மலையிலிருந்து வெப்பமான அறைக்குள் கேமராவைக் கொண்டுவந்து உடனே பையைத் திறந்தால் லென்ஸின் உள்ளேயே வியர்க்கும். ஜிப்பைத் திறக்காமல் முக்கால் மணி நேரம் விட்டுவிட்டு, பிறகு எடுங்கள். சிலிக்கா ஜெல்லை மாற்றுங்கள். படங்களை இரண்டு இடங்களில் பதிந்தபிறகே மெமரி கார்டை அழியுங்கள்.

வெளியிடும்போது கோப்பில் பதிந்திருக்கும் இருப்பிட விவரத்தை நீக்கிவிடுங்கள். இருவாச்சிக் கூடு என்றால் எஸ்டேட்டின் பெயரும் வேண்டாம், பக்கத்திலிருக்கும் கோயிலும் வேண்டாம், வளைவின் எண்ணும் வேண்டாம். எந்த மரம் என்று யாராவது கேட்டால், வால்பாறை என்று சொல்லுங்கள்.